தொண்ணூற்றைந்து வாங்கிய கை

ஜூன் 14, செவ்வாய். இன்று கூட்டத்தில் 'நோயாளி' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். 'பங்கேற்பாளர்' என்பதே சரி. இனி கவனமாக இருக்க வேண்டும்.

டைரியில் இப்படி எழுதி, அடிக்கோடும் போட்ட பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

மருத்துவம் பிறந்த நாளிலிருந்து நோயாளிகள் சும்மா படுத்துக் கிடந்தே குணமாகிவந்தார்கள். அந்த மாபெரும் சோம்பேறித்தனத்துக்கு முடிவுகட்டிய பெருமை, அவள் வேலை பார்த்த மருத்துவமனையையே சேரும். தன் சிகிச்சையில் ஒருவர் எவ்வளவு 'பங்கேற்கிறார்' என்று அங்கே நூற்றுக்கு அளந்தார்கள். அளப்பது அவள் வேலை. நர்சுகள் வைத்த பெயர் அளவுக்காரி. மாலைக் கல்லூரியில் அவள் புள்ளியியல் படித்தாள். அளப்பவர் குறுக்கிட்டால் அளவு கெட்டுவிடும் என்பது அங்கே முதல் பாடம். மருத்துவமனை நிர்வாகியும் அதையே சொன்னார். இரண்டு இடத்தில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

மறுநாள் காலை இரண்டாம் வார்டில் ஒரு பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, முந்தின நாள் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டு இறுக்குகிறது, விரல் மரத்துப்போகிறது என்றார். 'அறிகுறியைத் தானே தெரிவித்தல்' என்று பத்து மதிப்பெண் போட்டாள். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். கேள்வி கேட்டதற்கு இன்னும் பத்து. டாக்டர் அந்நேரம் நோயாளிகளின் பங்கேற்பு பற்றி ஒரு கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தார். பெயின்டரின் மனைவி நர்சிடம் போய்ச் சத்தம் போட்டாள். 'குடும்பத்தை ஈடுபடுத்தல்', இருபது. வார்டு முழுக்க ஒரே நர்ஸ்; சொல்லி அனுப்புகிறேன் என்றபடியே அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

விரல்கள் நீலமாக ஆக ஆக மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

"ஏம்மா, நீயாவது அந்த டாக்டரக் கூப்பிடேன்" என்றார் பெயின்டர்.

"நான் கூப்பிட்டா அது உங்க பங்கேற்பு ஆகாதுண்ணே" என்று அவள் தயங்கிச் சொன்னாள். "மார்க் கொறஞ்சிடும்."

"மார்க்க வச்சு நான் என்னம்மா பண்றது? பிரஷ் பிடிக்கிற கை இது."

"அவ பரீட்சை வைக்கிறா, நீங்க பதில் சொல்லிட்டுக் கெடக்கீங்க" என்றாள் மனைவி. "கையே போகப்போகுது. தண்ணியில ஊறினா மாவு இளகும்ல? இங்க வாளி எங்கம்மா இருக்கு?"

அளவுக்காரியின் பேனா நின்றது. வாளி இருக்கும் இடத்தைச் சொல்வது குறுக்கீடா, வெறும் தகவலா என்று பாடத்தில் இல்லை. நிதானமாக யோசிக்க நினைத்தாள். அந்த விரல்கள் கண்ணில் பட்டன. அவளே குளியலறைக்கு ஓடி, வெதுவெதுப்பான தண்ணீரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கட்டு ஊறியது. மனைவி சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று விழுந்ததும் பெயின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் அசைந்தது. மதியம் வந்து சேர்ந்த டாக்டர், இன்னும் தாமதித்திருந்தால் கை போயிருக்கும் என்று அவர்களைக் கண்டித்துவிட்டுத் தளர்வாகப் புதுக்கட்டு போட்டார்.

மாலையில் அவசரக் கூட்டம். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் உள்ளே போனாள். நிர்வாகியோ கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். மருத்துவரே இல்லாமல் தன் சிகிச்சையைத் தானே நடத்திக்கொண்ட பங்கேற்பாளரை எந்த மருத்துவமனையும் இதுவரை உருவாக்கியதில்லை என்றார். ஒன்றுதான் அவருக்கு உறுத்தியது.

"தொண்ணூத்தஞ்சுதான் போட்டிருக்க. மிச்சம் அஞ்சு?"

"வாளிய நான் தூக்கிட்டேன், சார்."

நிர்வாகி பெருந்தன்மையோடு அவளை மன்னித்தார். தவறு அவளுடையது அல்ல, 'அமைப்பினுடையது'. வாளி கைக்கெட்டாத தூரத்தில் இருந்ததுதான் குறை. இனி கட்டிலுக்கு ஒரு வாளி, அதன்மேல் 'பங்கேற்பு உபகரணம்' என்று ஒரு சீட்டு.

"டாக்டரும் எட்டாத தூரத்துலதான் இருந்தாரு, சார்."

"அத நாம அளக்கிறதில்லம்மா" என்றார் நிர்வாகி கனிவாக.

அன்று இரவு அவள் எழுதினாள்:

ஜூன் 15, புதன். நாளைய வேலை: காலை எட்டு மணிக்குள் இரண்டாம் வார்டில் கட்டிலுக்கு ஒரு வாளி வைக்க வேண்டும். நிர்வாகி சொன்ன சீட்டு வேண்டாம். ஒவ்வொரு வாளியிலும் 'டியூட்டி டாக்டர்' என்று எழுத வேண்டும்.