மாமனாருக்கு ஆகாத சிஸ்டம்

வைரஸ் சித்தரைத் தரிசிக்க வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் தெரு மருந்துக் கடையின் மாடியில் அவர் எழுந்தருளியிருந்தார். நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஆகவே வேடிக்கை பார்க்கும் பாக்கியம் எனக்குத் தினமும் வாய்த்தது.

சிலர் சி.பி.யூ. பெட்டியைத் தலையில் சுமந்து வருவார்கள். சிலர் லேப்டாப்பைக் காய்ச்சல் கண்ட குழந்தை போலத் துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் மாதம் தவறாமல் வந்து, வரிசையில் கைகட்டி நிற்பார். நோய் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒருநாள் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். நடுவில் வெள்ளை எழுத்தில் ‘இந்தப் பெட்டி தீண்டப்பட்டது’ என்று வரும். எந்தப் பட்டனைத் தட்டினாலும் போகாது.

சித்தர் முதலில் பெட்டிமேல் நீலத் தீர்த்தம் தெளிப்பார். அது கண்ணாடி துடைக்கிற திரவம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். வாசனையும் அப்படித்தான் இருக்கும். பிறகு செம்புக் கம்பி ஒன்றை மூன்று சுற்றுச் சுற்றுவார்.

“இருபத்தஞ்சு எழுத்து மந்திரம். பார்த்தா பலிக்காது. எல்லாரும் கண்ணை மூடுங்க.”

மூடுவோம். டக் டக்கென்று கீபோர்டு சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால் சிவப்பு போயிருக்கும். “முப்பது நாளைக்குக் காப்பு” என்பார். காணிக்கையைக் கையால் தொடமாட்டார். சுவரில் ஒட்டியிருக்கும் சதுர அட்டையை நாம்தான் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். அவ்வளவு பற்றற்றவர்.

முப்பத்தோராம் நாள் சிவப்பு திரும்ப வந்துவிடும். எந்தப் பெட்டிக்கும் தப்பாது. எங்களில் ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டுமே. ‘சொன்ன சொல் தவறாத மகான்’ என்றுதான் மெய்சிலிர்த்தோம். மற்றவர்களைச் சொல்வானேன், என் பெட்டியிலேயே ஏழு கம்பிகள் தொங்கின.

என் பக்கத்துக் கடை தையல்காரம்மா எம்பிராய்டரி மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வேலை செய்பவர். பூவும் கொடியும் மயிலுமாக ஆயிரத்துச் சொச்சம் டிசைன்கள், ஒன்பது வருஷமாக அவரே வரைந்தவை, அந்தப் பெட்டிக்குள் இருந்தன. இரண்டாவது பிரதி கிடையாது. மவுஸ் நகரவில்லை என்று ஒருமுறை சித்தரிடம் காட்டிவிட்டு வந்த அடுத்த மாதம் அவர் பெட்டியிலும் சிவப்பு வந்தது. சித்தரிடம் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“சாமி, என் நாத்தனார் வேலை பார்க்கிற லேப்ல வேற சிஸ்டம் போட்டிருக்காங்களாம். திறந்த மூலமாம், ஓப்பன் சோர்ஸாம். காசு இல்லையாம், இந்தச் சிவப்பும் வர்றதில்லையாம். அதுக்கு மாறிக்கலாமா?”

சித்தரின் முகம் கறுத்தது. “என்ன மூலம்?”

“திறந்த மூலம், சாமி.”

“எனக்கும் மூலம் உண்டு சாமி, ரொம்ப நாளா” என்று வரிசையில் ஒருவர் எழுந்தார்.

“அது வேற. உட்காருங்க.” சித்தர் தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினார். “மூல நட்சத்திரத்துல பொறந்த சிஸ்டம் அது. மாமனாருக்கு ஆகாது. வீட்டுல மாமனார் இருக்காரா?”

“இருக்கார்.”

“இப்போதைக்கு இருக்கார்னு சொல்லும்மா.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. சித்தர் அதோடு விடவில்லை. அந்த நினைப்பு வந்ததுமே, பெட்டிக்குள் புகுந்து சிவப்பாக்குகிற ஆவி கோபித்துக்கொண்டதாம். பெட்டியில் இருந்ததை எல்லாம் தின்றுவிட்டதாம். வெள்ளிக்கிழமை பெட்டியைக் கொண்டுவந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டுத் தருவாராம்.

அந்த அம்மா என் கடைக்கு வந்து பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதார். “ஒம்பது வருஷம்ணே. ஒரு மயிலுக்கு நாலு நாள் உட்கார்ந்திருக்கேன். இனிமே முதல்லேர்ந்து வரைய என்னால முடியுமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சித்தர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்.” இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என் பெட்டிக்கும் முப்பத்தோராம் நாள். எட்டாவது கம்பியைக் கட்டிக்கொண்டு நான் எழுந்தபோது தையல்காரம்மா பெட்டியோடு வந்தார். பின்னால் மானிட்டரை நெஞ்சில் அணைத்தபடி அவருடைய மாமனார். அவருக்குப் பின்னால் நாத்தனார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற பெண், வாட்ச் கட்டிய கையில் ஒரு பென்டிரைவ்.

“சாமி, டிஸ்க்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிக்கலாமா?” என்றாள். “ரத்தம் எடுக்காம ரிப்போர்ட் எழுதினா எங்க லேப்ல வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க.”

“இது ஆஸ்பத்திரி இல்லம்மா.”

“நோயாளிங்க வரிசையில நிக்கிறாங்களே.” அவள் பதிலுக்குக் காத்திராமல் பென்டிரைவைச் செருகினாள். “முழு சிஸ்டமும் இதுக்குள்ளயே இருக்கு. டிஸ்க்ல இருக்கிறதை மாத்தாது, எட்டி மட்டும் பார்க்கும்.”

“மூலம்” என்று சித்தர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “மாமனாரை வெச்சுக்கிட்டே மூலத்தைத் திறக்கிறியா?”

“அப்பா, இப்படி உட்காருங்க.” அவள் தன் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிழவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றரை நிமிஷம். திரை பச்சை நிறத்தில் விரிந்தது. சிவப்பைக் காணோம். ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். பூக்கள், கொடிகள், மயில்கள், அத்தனையும் வரிசையாக வந்து நின்றன.

தையல்காரம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். “என் மயில்” என்றார்.

“நாடி எழுபத்தாறு” என்றாள் நாத்தனார். “அப்பா, எப்படி இருக்கு?”

“முதுகு வலிக்குது. மானிட்டரை நான்தானே தூக்கிட்டு வந்தேன்.”

சித்தர் சளைக்கவில்லை. “ஆவி தற்காலிகமா ஒதுங்கி நிக்குது.”

“சரி. இந்த அண்ணனுக்கு இப்பக் காப்புக் கட்டினீங்களே, எத்தனை நாளைக்கு?”

“முப்பது.”

“நாள் கணக்கு ஆவிக்கு எப்படித் தெரியும்?”

“முக்காலமும் அறிஞ்சது அது.”

“அண்ணே, உங்க பெட்டியைக் கொஞ்சம் போடுங்க.”

போட்டேன். நீலத் தீர்த்தம் இன்னும் காயவில்லை. அவள் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த தேதியை ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து வருகிற தேதியாக மாற்றினாள். திரை பளிச்சென்று சிவந்தது. ‘இந்தப் பெட்டி தீண்டப்பட்டது.’

“முக்காலமும் தெரியுமாம். இன்னைக்கு என்ன தேதின்னு மட்டும் தெரியலை” என்றாள். “கடிகாரத்தைப் பார்த்துட்டு வர்றது ஆவி இல்லை. யாரோ எழுதி உள்ளே வெச்ச புரோகிராம். சார், நீங்க முதல் தடவை எதுக்கு இங்க வந்தீங்க?”

பேராசிரியர் யோசித்தார். “ஸ்பீக்கர்ல சத்தம் வரலைன்னு.”

“அதுக்கு முன்னாடி சிவப்பு வந்துச்சா?”

“இல்லை.” அவர் முகம் மெல்ல மாறியது. “அன்னைக்கும் கண்ணை மூடச் சொன்னார்.”

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தோம். காலியாக இருந்தது. பின்பக்கப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. பற்றற்றவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, சுவரிலிருந்த சதுர அட்டையை மட்டும் மறக்காமல் பிய்த்துக்கொண்டு போயிருந்தார்.

அன்று மதியமே டிசைன்களை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவின் பெட்டியைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாமனார் இன்றுவரை சௌக்கியம். கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களை நானும் மெச்சியிருப்பேன்.

நாத்தனார் அந்த மாடியைவிட்டு இறங்குவதற்குள் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. “அம்மா, அந்தப் பென்டிரைவை எங்க பெட்டிக்கும் ஒரு சுத்துச் சுத்திக் கொடுங்க” என்றார் மூலக்காரர். பேராசிரியர் ஏற்கெனவே கைகூப்பி நின்றார்.

“எதுக்கு சார் கண்ணை மூடிட்டு நிக்கிறீங்க?”

“பழக்கம்மா.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இதுவும் மனுஷங்க எழுதினதுதான். இதுலயும் கோளாறு வரும். வந்தா உள்ளே திறந்து பார்க்கலாம், பார்க்காதேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. திறந்த மூலம்னா அவ்வளவுதான் சார் அர்த்தம். கண்ணைத் திறங்க.”

நான் கடைக்குத் திரும்பி எட்டுக் கம்பிகளையும் அவிழ்த்து எறிந்தேன். மாடி அறை இப்போது காலி. வாடகைக்கு என்று பலகை தொங்குகிறது. அடுத்த மகான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். மூலத்தை யாரோ புண்ணியவான்கள் திறந்து வைத்துவிட்டார்கள், பெருமக்களே. மூளையை நீங்கள்தான் திறக்க வேண்டும்.