தொட்டிக்குச் செய்த வேர்ச்சிகிச்சை

இருபத்திரண்டு மீன்கள் வாளிக்கு வந்து சேர்ந்துவிட்டன. கெளுத்தி மட்டும் பிடிபடவில்லை. பல் மருத்துவர் தோள்வரை நனையக் கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். எத்தனையோ பிடிவாதக் கடைவாய்ப் பற்களை வேரோடு வென்ற கை அது. விரல் நீளமுள்ள ஒரு மீசைக்கார மீனிடம் இப்போது தோற்றுக்கொண்டிருந்தது.

"மாமா, அது கல்லுக்கு அடியில இல்ல. உங்க முழங்கைக்குப் பின்னாடி நின்னு உங்களையே பார்த்துக்கிட்டிருக்கு" என்றார் மைத்துனர், நோயாளிகள் காத்திருக்கும் நீள இருக்கையில் காலை நீட்டியபடி. தொழிலால் வழக்கறிஞர், ஞாயிறாதலால் வழக்கும் இல்லை, வாதமும் இல்லை.

"வாய் பேசுற நேரத்துல அந்த வலையைப் பிடிச்சா என்னவாம்?"

"நான் சாட்சி. சாட்சி வலை பிடிக்கக் கூடாது. அக்கா அஞ்சு மணிக்கு வந்து இது யார் வேலைன்னு கேட்டா, கை ஈரமாகாதவன் ஒருத்தனாவது இங்க இருக்கணும்."

அக்காள் என்று அவர் சொன்னது மருத்துவரின் மனைவியை. பள்ளியில் தாவரவியல் கற்பிப்பவள். மாடியில் குடும்பமும் கீழே மருத்துவமனையுமாக அமைந்த அவ்வீட்டில், காத்திருப்போர் கூடத்தில், நீருக்கடியில் செடிகளும் இடையே மீன்களுமாக அந்தச் செடித்தொட்டியை ஒன்பது ஆண்டுகளாக வளர்த்து வந்தாள். உள்ளே துளைக்கும் கருவி ஓலமிடும்போதெல்லாம், வெளியே அமர்ந்திருப்போர் அந்தப் பசுமை அசைவதைப் பார்த்துத்தான் ஓடிப்போகாமல் இருந்தார்கள். மருத்துவரோ நாளொன்றுக்குப் பத்து முறை அதைக் கடந்து செல்வார். கடந்து செல்வார், அவ்வளவே.

மூன்று ஆண்டுகளாக அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "தொட்டியில மண்ணு செத்துப்போச்சு. மாத்தணும். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கூட நில்லுங்க." மூன்று ஆண்டுகளாக அவரும் ஒன்றையே சொன்னார். "அடுத்த வாரம்."

ஒரு மாதமாக அவள் கேட்கவில்லை. மழை நின்றது தெரியாமல் குடையோடு நடப்பவனைப்போல, அதுகூட அவருக்குத் தெரியாது. வெள்ளியன்று அவள் தன் தமக்கையின் வீட்டுக்குப் புறப்பட்டு, தொட்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கிப் போனபோதுதான் உறைத்தது. சண்டையிடும் மனைவியிடம் சமாதானத்துக்கு வழியுண்டு. கேட்பதையே விட்டுவிட்ட மனைவியிடம் என்ன வழி?

மறுநாள் பஞ்சு தேடிச் சாமான் அறைக்குள் போனவர் கண்ணில் இரண்டு மூட்டைகள் பட்டன. "செடித்தொட்டிக்கேற்ற சத்து மண், முதல் தரம்" என்று பளபளக்கும் எழுத்து. வாய் பிரித்து, மறுபடி சணலால் கட்டியிருந்தது. தானே வாங்கி வந்து, தானே பிரித்து, துணைக்கு ஆளில்லாமல் தானே கட்டி வைத்திருக்கிறாள். மருத்துவர் அந்த மூட்டையின் மீதே அமர்ந்துவிட்டார். அவள் திரும்புவதற்குள் மண்ணை மாற்றிவிடுவது. அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் விழிப்பது.

கெளுத்தி பத்தரை மணிக்குத் தன் விருப்பத்தால் வலைக்குள் வந்தது. அடுத்து, பல் பிடுங்கும் நிதானத்தோடு செடிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார். எளிதில் வரவில்லை. வெள்ளை வெளேரென்ற வேர்கள் மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தன. பிறகு மண்ணை அள்ளிப் பாத்திரத்தில் கொட்டினார். மணிமணியாக உருண்டு விழுந்தது.

சாட்சி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இது செத்துப்போன மண்ணா? பார்த்தா நல்லாத்தானே இருக்கு?"

"சொத்தைப் பல்லும் மேல பார்த்தா நல்லாத்தான் இருக்கும். இருபது வருஷமா இதே வேலை பண்றேன், எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. கேட்டது பதிவாகட்டும்னு கேட்டேன்."

முதல் மூட்டையின் சணலை அவிழ்த்ததும் கூடம் முழுவதும் அழுகிய முட்டையின் மணம் பரவியது. மைத்துனர் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைத் திறந்தார்.

"சத்து மண்ணுடா. சத்து இருந்தா வாசனை இருக்கத்தான் செய்யும்" என்ற மருத்துவர், எதற்கும் ஒருமுறை அலசிவிடலாம் என்று எண்ணினார். அலசுவதற்கு அருகிலிருந்தது சிகிச்சை நாற்காலி. அதன் பக்கத்தில் நோயாளிகள் வாய் கொப்பளித்துத் துப்பும் கிண்ணம். மூன்று கை மண் போட்டுத் தண்ணீரைத் திறந்தார். மண் கரைந்து குழம்பாகிக் குழாய்க்குள் இறங்கி அங்கேயே குடியேறியது. கிண்ணம் நிறைந்து வழிந்து நாற்காலியின் மிதிகட்டைக்கு வந்தது.

வண்ணமீன் கடைக்காரருக்குத் தொலைபேசினார்.

"அலசுனீங்களா? சத்து மண்ணை யாராவது அலசுவாங்களா சார்? உருண்டை உடைஞ்சு சேறாயிடும். அப்படியே போடுங்க. ஆமா, புது மண்ணுன்னா நாத்தம் வராதே, மூட்டையில என்ன எழுதியிருக்கு?"

"முதல் தரம்னு எழுதியிருக்கு."

"அப்ப முதல் தரம்தான்" என்று கடைக்காரர் வைத்துவிட்டார்.

அப்படியே போட்டார். இரண்டு மூட்டையும் போட்டு, மேலே தண்ணீரை ஊற்றினார். நிலமும் நீரும் வேறென்பது மறைந்து, ஊழிக்கால வெள்ளம் போலத் தொட்டி கருத்தது. ஒரு சாண் தூரத்தில் வைத்த தன் விரலே அவருக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் கலங்கும்" என்றார் மருத்துவர்.

"இதைக் கலங்குறதுன்னா சொல்றாங்க? இதுக்குள்ள ஒரு யானையை ஒளிச்சு வைக்கலாம் மாமா."

அந்தச் சேற்றை எடுக்க மருத்துவருக்கு ஒரு வழி தோன்றியது. பிறர்க்கு அது தோன்றியிராது. பிறரிடம் அந்தக் கருவி இல்லை. எச்சில் உறிஞ்சும் குழாயை இழுத்து வந்து தொட்டிக்குள் விட்டுப் பொத்தானை அழுத்தினார். முதல் நிமிடம் தெய்வச் செயலாக நடந்தது. இரண்டாம் நிமிடம் இயந்திரம் இருமியது. மூன்றாம் நிமிடம், உறிஞ்சியது அனைத்தையும் வந்த வழியே திருப்பித் தந்தது. வெள்ளைச் சுவரும், கூரையும், பல் துலக்கும் முறையை விளக்கும் படமும், மருத்துவரின் புருவமும் ஒரே நிறமாயின.

நீள இருக்கைக்குப் பின்னாலிருந்து மைத்துனரின் தலை மெல்ல எழுந்தது. "சாட்சிக்குப் பாதுகாப்பு கேட்டு மனு போடலாம்னு இருக்கேன்."

மணி மூன்று. இனிச் செடிகளையாவது நட்டுவிட வேண்டும். நட்டார்; மிதந்தன. மறுபடி நட்டார், மறுபடி மிதந்தன. இளகிய சேறு எதைப் பற்றிக்கொள்ளும்? வேருக்குப் பிடிமானம் கொடுப்பது எப்படி என்பது அவருடைய தொழிலல்லவா. பல் அச்செடுக்கும் களியைக் கிண்ணத்தில் குழைத்து, ஒவ்வொரு செடியின் அடியையும் அதில் பதித்து, இறுகியதும் வரிசையாகக் கண்ணாடியோரம் இறக்கினார். இந்த முறை மிதக்கவில்லை. கருத்த நீரின் விளிம்பில், இளஞ்சிவப்பு ஈறுகளிலிருந்து பச்சைப் பற்கள் முளைத்தாற்போல் ஒரு கீழ்த்தாடை தெரிந்தது.

மைத்துனர் நெடுநேரம் பார்த்தார். "மாமா, மேல்தாடை எப்ப?"

மருத்துவர் அள்ளியெடுத்த மண்ணையெல்லாம் காலி மூட்டைகளில் நிரப்பிக் கட்டி வாசற்படியில் வைத்தார். இடநெருக்கடியால் மீன்களில் பாதியைக் கருவிகள் வைக்கும் எஃகுத் தட்டுகளுக்கு மாற்றினார். நாற்காலியைத் துடைக்கக் குனிந்தபோது, வாயிற்கதவு திறந்தது.

கையில் பையோடு மனைவி நின்றாள். மணி ஐந்துகூட ஆகவில்லை.

அவள் கண் கூரையில் தொடங்கி, சுவரில் இறங்கி, தட்டுகளில் நீந்தும் மீன்களை எண்ணி, ஈறுகளில் சற்று நேரம் தங்கி, கடைசியாகக் கணவரிடம் வந்து நின்றது.

"அக்கா, நான் வெறும் சாட்சி. கையைப் பாரு, காஞ்சு கிடக்கு" என்றார் தம்பி.

"மண்ணை மாத்திட்டேன்" என்றார் மருத்துவர். மதிப்பெண் பட்டியலை நீட்டும் பிள்ளையின் குரல்.

அவள் பையைக் கீழே வைத்தாள். தொட்டியருகே போய்க் கையை விட்டு ஒரு சிட்டிகை மண் எடுத்தாள். விரலிடுக்கில் தேய்த்தாள், முகர்ந்தாள். அவள் முகத்தில் எதுவோ வந்து உதட்டோரத்தில் நின்றது. அழுகையா சிரிப்பா என்று அவரால் துணிய முடியவில்லை.

"இப்ப எதுக்கு திடீர்னு?"

"நீ கேக்குறதை விட்டுட்ட. ஒரு மாசமா கேக்கவே இல்ல. திட்டினாக்கூடப் பரவாயில்ல, நீ பேசாம படியிறங்கிப் போனது எனக்குப் பயமாயிடுச்சு. மூட்டையைப் பார்த்ததும் மனசு கேக்கல. தனியாவே தூக்கிட்டு வந்திருக்கியேன்னு..."

அவள் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் இரண்டு முறை குலுங்கியது. திரும்பியபோது கண் ஈரமாயிருந்தது. கைக்குட்டையை எடுத்து அவர் புருவத்துச் சேற்றை மெல்லத் துடைத்தாள். ஒன்பது ஆண்டுகளில் அந்தத் தொட்டிக்கு மட்டுமே வாய்த்திருந்த பரிவு அது.

"நல்ல மண்ணுதான்" என்றாள். "தெளிய ரெண்டு நாளாகும். மீனெல்லாம் அதுவரைக்கும் வாளியிலயும் தட்டுலயுமே இருக்கட்டும். மேல போய்க் குளிங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மருத்துவருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. தம் வாழ்நாளில் எந்த நோயாளியும் சிகிச்சை முடிந்து அவ்வளவு நிம்மதியோடு எழுந்து போனதை அவர் கண்டதில்லை. மாடிப்படியில் கால் வைத்தார்.

அப்போது மாலைக் காவலுக்கு வந்த காவலாளி வாசற்படியில் இருந்த இரண்டு மூட்டைகளையும் கண்டு, பதறியபடி தோளில் ஏற்றிக்கொண்டு, தலையைச் சொறிந்தவாறு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, சாமான் அறையில கட்டி வச்ச பழைய மண்ணு மூட்டையைக் குப்பையில போடச் சொல்லி ஒரு மாசமாச்சு, இன்னிக்குத்தான் தூக்குறேன், ஆனா தொட்டிக்கு நாம புது மண்ணு போட்டதை டாக்டரே பார்த்துக் கண்டுபிடிக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னீங்க பாருங்க, அதை மட்டும் இந்த நிமிஷம் வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல."