நான் இப்போ பதறுவதே இல்லை, மச்சான்

பண்ருட்டி,
முழு ஊரடங்கு, பலா சீசன்.

சிதம்பரத்தில் இருக்கும் என் அருமை மச்சான் வைத்திலிங்கம் அவர்களுக்கு, உங்கள் அக்காள் தங்கம்மாளின் வீட்டுக்காரர் மணவாளன் பெருமகிழ்ச்சியோடும் ரெண்டு மாஸ்க்கோடும் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சவுக்கியம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் வேளாவேளைக்கு ஆவி பிடித்துக்கொண்டு சவுக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதிர்வீட்டு நாசரின் காய்கறி வண்டி பாஸ் வாங்கிக்கொண்டு உங்கள் ஊருக்கு வருவதால் அதில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்துவிட்டுப் பிரிக்கவும். சோப்புத் தண்ணீர் வேண்டாம், மை கரைந்துவிடும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் நம்பரைப் பார்த்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் என்பது வந்துபோகும் ஓர் எண்ணம்தான் என்று இப்போது தெரிந்துகொண்டேன். அந்தச் சந்தோஷச் செய்தியைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே!

உங்களுக்குத் தெரியாதது இல்லை, உங்கள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் கலைமணிக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதானே முறை? வளைகாப்பில் நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? வளையல் போட வந்தவர்கள் கையில் ஆளுக்குக் கொஞ்சம் சானிடைசர் ஊற்றினேன். சம்பந்தியம்மா கையில் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போய்விட்டது, அவர் அந்தக் கையாலேயே சந்தனத்தை எடுத்துப் பூசியதில் அது நீர்த்துப்போய் கலைமணியின் கழுத்துவரை வழிந்து பட்டுப்புடவையில் இறங்கிவிட்டது. இது ஒரு குற்றமா? ஆனால் கலைமணி பழைய கணக்கையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். முந்தின வாரம் டாக்டரம்மா அவளுக்கு பிரஷர் பார்க்கும்போது நான் போன் பண்ணியிருக்கிறேன், போன் அடிக்க அடிக்க பிரஷர் ஏறியிருக்கிறது, "யாரும்மா போன்ல?" என்று அந்தம்மா கேட்க, "எங்கப்பாதாங்க, கீரைய மஞ்சத்தண்ணியில கழுவுனியான்னு கேப்பாரு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். கை நிறைய வளையலோடு, அத்தனை பேர் எதிரில் எழுந்து நின்று சொன்னாளே, நீங்களும் கேட்டீர்களே: "அப்பா, நீங்க இந்தப் பதட்டத்த விடறவரைக்கும் நான் பண்ருட்டிக்கு வரப்போறதில்ல. நீங்க மாறிட்டீங்கன்னு மாமா சொல்லட்டும், அப்புறம் வர்றேன்." மாமா என்றால் நீங்கள். என் பேரப்பிள்ளை எந்த வீட்டில் பிறக்கப்போகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

மாப்பிள்ளை இளவரசு தங்கமான பிள்ளை. அன்றைக்கே என் போனில் ஒரு தியானத்தை ஏற்றிவிட்டார். மைண்ட்ஃபுல்னெஸ் என்று பேராம். இந்தக் கொரோனா காலத்தில் கண்டதையும் நினைத்து மனசு அடித்துக்கொள்கிறவர்களுக்காகவே செய்ததாம். அதில் ஒரு அம்மா பேசுகிறார். தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுவது மாதிரி அவ்வளவு மெதுவாகப் பேசுகிறார். "கண்களை மூடுங்கள். உங்கள் மூச்சைக் கவனியுங்கள்" என்றார். மச்சான், இத்தனை வயசுக்கு நான் என் மூச்சைக் கவனித்ததே கிடையாது. அது பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. கவனித்ததும் நின்றுவிட்டது! டிவியைத் திறந்தால் மூச்சுத்திணறல், ஆக்சிஜன் என்று சொல்கிற நேரத்தில் இது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். செருப்புகூடப் போடாமல் நாசர் வீட்டுக்கு ஓடி அவருடைய ஆக்சிமீட்டரை வாங்கி விரலில் மாட்டினேன். ஒன்றுமே காட்டவில்லை. "நாசரு, மிஷின்ல ஒண்ணுமே வரலப்பா, நான் போய்ட்டேன்" என்றேன். "போனவங்க இவ்ளோ சத்தமா கத்துவாங்களா மாமா? பேட்டரி தீந்துபோச்சு, குடுங்க இப்டி" என்று பிடுங்கிக்கொண்டார்.

விட்டேனா? மறுநாளும் உட்கார்ந்தேன். "எண்ணங்கள் பஸ்களைப் போல வரும், போகும். பஸ் ஸ்டாண்டில் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள், எதிலும் ஏறாதீர்கள்" என்றார் அந்தம்மா. யாரிடம் சொல்கிறார்! ரிட்டயர் ஆகிறவரைக்கும் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவனிடம்! வருகிற பஸ்ஸில் ஏறாமல் இருந்தால் எனக்கு யார் சம்பளம் கொடுத்திருப்பார்கள்? 'கலைமணி மாஸ்க் இல்லாம மாடியில துணி காயப்போடறாளோ' என்று ஒன்று வந்தது. ஏறினேன். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை விசாரித்தேன். இறங்குவதற்குள் 'ஆஸ்பத்திரியில பெட் இருக்குமா' வந்துவிட்டது, அதற்குப் பின்னாலேயே 'ஆம்புலன்ஸ் வருமா', அதற்கும் பின்னால் 'டிரைவருக்குக் காய்ச்சல் இருந்தா'. தியானம் முடிந்து எழுந்தபோது எனக்கு வேர்த்து ஊற்றியது. ஆனால் கலைமணி முகத்தை நினைத்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்தேன். ஒருநாள் ஒரு பஸ் வந்தது, நான் ஏறவில்லை, அது தானாகப் போய்விட்டது. மச்சான், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! குதித்தெழுந்து கத்தினேன். உங்கள் அக்காள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "போய்டிச்சு தங்கம், தானாவே போய்டிச்சு!" என்றேன். "எது போச்சு? கரண்ட்டா?" என்றாள்.

அடுத்த பாடம் கவனித்து உண்பது. ஏதாவது ஒரு சிறு பழத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நம்மூரில் இந்த மாசத்தில் வேறென்ன எடுப்பது? ஒரு பலாச்சுளையை எடுத்தேன். பாருங்கள் என்றார், பார்த்தேன். தடவுங்கள் என்றார், தடவினேன். முகருங்கள் என்றார். மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். வாசனை இல்லை! வாசனை தெரியவில்லை என்றால் அது எதன் அறிகுறி என்று உங்களுக்குத் தெரியும். சரியாக அந்த நேரம் பார்த்து, வீடுவீடாகக் காய்ச்சல் பார்க்கிற சவரியம்மாள் வாசலில் நின்று, "அய்யா, காச்சல், இருமல் இருக்குதா? வாசன தெரியுதா?" என்று கேட்டார். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. தெரியவில்லை என்றேன். உங்கள் அக்காளிடம் நீட்டினேன், அவளுக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்டு நாசர் வந்தார், மாஸ்க்கை இறக்கி முகர்ந்து பார்த்து, "யா அல்லா, எனக்கும் தெரியல மாமா" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சவரியம்மாளே ஒரு சுளையை முகர்ந்துவிட்டு, கையில் இருந்த காய்ச்சல் மிஷினைத் தன் நெற்றிக்கே நீட்டிக்கொண்டார். அப்புறம் என்ன, தெரு முழுக்க ஆளுக்கொரு சுளையோடு வாசலுக்கு வந்து மூக்கில் வைத்துப் பார்க்கிறார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெருவை அடைத்துவிடுவார்கள், தகரம் அடிப்பார்கள் என்று பேச்சு கிளம்பி, பாதிப்பேர் அரிசி வாங்கவும் மீதிப்பேர் அழவும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது முந்திரி ஏற்றுவதற்காக வெளியூர் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்தவுடனே மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாய்யா தெரு இது! பலாப்பழ வாசன ஆளயே தூக்குது, தலய சுத்துது எனக்கு!" என்றாரே பார்க்கலாம். தெருவே கைதட்டியது. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வீடு பழத்தை அடுக்கி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் அதிலேயே கிடக்கிற மூக்குக்கு அந்த வாசனை எப்படித் தெரியும்? சவரியம்மாள் பெருங்காய டப்பாவை வாங்கி ஒவ்வொருத்தருக்கும் காட்டினார். எல்லாருக்கும் தும்மலே வந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது என்னைத்தான். அத்தனை களேபரத்திலும் நான் உள்ளே போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். 'தெரு பதறுகிறது' என்று கவனித்தேன். "கெளப்பிவிட்டதே நீங்கதான, இங்க வந்து கண்ண மூடிக்கிறீங்களா?" என்று உங்கள் அக்காள் கேட்டாள். அதையும் கவனித்தேன். இன்னும் அத்தாட்சி வேண்டுமா? போன வாரம் அடுப்பில் பால் பொங்கியது. பழைய மணவாளனாக இருந்தால் என்ன கத்து கத்தியிருப்பான்! நான் பக்கத்திலேயே நின்று, 'பால் பொங்குகிறது, வழிகிறது, அடுப்பு அணைகிறது' என்று அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வழிந்தபோது தண்ணீர்ச் சத்தத்தை ரசித்தேன். மாடியில் காயவைத்த வடகத்தை ஆடு தின்றபோது, ஆடு எவ்வளவு கவனித்துச் சாப்பிடுகிறது என்று வியந்தேன். கலைமணிக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை, நம்புங்கள்.

ஆகவே மச்சான், நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி, உங்கள் காரிலேயே அழைத்து வந்துவிடுங்கள். கவலையால் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்: கடலூர், நெல்லிக்குப்பம் வழியாகவே வரவும். வேகத்தடை வந்தால் வண்டியை நிறுத்தி, அவளிடம் சொல்லிவிட்டு, அப்புறம் ஏற்றவும். கண்ணாடி இறக்கியிருக்கட்டும், ஆனால் லாரி எதிரே வந்தால் ஏற்றிவிடவும். டாக்டர் சீட்டு போலீஸுக்குக் காட்ட மேலாக இருக்கட்டும். வெந்நீர், எலுமிச்சம்பழம், விரிப்பு, இன்னொரு விரிப்பு. வழியில் நான் போன் பண்ணவே மாட்டேன். கடலூரில் ஒரு மிஸ்டுகால், நெல்லிக்குப்பத்தில் ஒரு மிஸ்டுகால் நீங்கள் கொடுத்தால் போதும். வரவில்லை என்றால் நான் பாட்டுக்கு மூச்சைக் கவனித்துக்கொண்டு நெல்லிக்குப்பம்வரை நடந்து வருவேன்.

திருவதிகை வீரட்டானேஸ்வரர் அருளால் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆக்சிஜன் அளவு குறையாமல் இருக்க வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் சந்தனத்துக்கான மன்னிப்பும்.

இப்படிக்கு,
பதற்றம் நீங்கிய உங்கள்
மணவாளன்

பின்குறிப்பு: தம்பி வைத்தி, அக்கா எழுதறேன். கவர ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்தாரு, படிச்சிட்டேன். மேல எழுதியிருக்கறது அத்தனையும் நெசம். அதான்டா எனக்குத் தாங்கல. கட்டிக்கிட்டு வந்த நாள்லேந்து எனக்குப் பயம்னா என்னான்னே தெரியாது. எதுக்கெல்லாம் பயப்படணுமோ அதுக்கெல்லாம் அவரே பயந்துடுவாரு, நான் நிம்மதியா என் வேலயப் பாப்பேன். இப்ப அவரு கண்ண மூடி உக்காந்துட்டாரு, மொத்த பயமும் எந்தலயில வந்து உக்காந்துடிச்சி. பொண்ணு புள்ளத்தாச்சியா இருக்கற நேரத்துல, வீட்டுல ஒருத்தராவது பதற வேணாமா? என்னால முடியல தம்பி, எனக்குப் பழக்கம் இல்ல. கலைமணியும் லேசுப்பட்டவ இல்ல. அப்பா ஏன் போனே பண்ண மாட்டேங்கறாரு, அவருக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியேன்னு நேத்துலேந்து எங்கிட்ட ஓயாம போன் பண்ணி அழுவறா. அவளுக்கு இப்பத்தான் பிரஷர் ஏறப்போவுது. அதனால அப்பா மாறிட்டாருன்னு அவகிட்ட சொல்லிடாத. பழையபடி ஆயிட்டாரு, பயப்படாம வான்னு சொல்லு. அந்தம்மா பேசற தியானத்த காலையில நான்தான் போன்லேந்து அழிச்சிட்டேன். 'அய்யோ, தியானத்தக் காணோமே, இனிமே எம்பொண்ணு வரமாட்டாளே'ன்னு கைகால் உதற வீட்டுக்கும் நாசர் வீட்டுக்கும் ஓடிக்கிட்டு இருக்காரு. பாக்கவே எவ்ளோ தைரியமா இருக்கு தெரியுமா? நாளைக்கே கூட்டியாந்துடு.