டிஷ்யூப் பெட்டியைத் தள்ளுகிறவர்

ஆண்டவன் படைப்பில் வீண் என்று எதுவும் கிடையாது. கொசுவுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். அந்த நம்பிக்கையில்தான் 'பயிற்சியில் இருக்கும் மனநல ஆலோசகர்' என்ற இனத்தையும் பார்க்கிறேன்.

அடையாளம் சுலபம். கழுத்தில் அட்டை, ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. சாதாரண ஆள் வந்தால், "உட்காருங்க, என்ன விஷயம்?" என்பார். வந்தவருக்குக் கால் நடக்காவிட்டாலோ கண் தெரியாவிட்டாலோ தலை இன்னும் இரண்டு விரற்கடை சாயும், குரல் தேனில் ஊறும், கை தானாக டிஷ்யூப் பெட்டியை முன்னால் தள்ளும், வந்தவர் வாயைத் திறக்குமுன்பே இவர் கண் கலங்கிவிடும். யாராவது அழ வேண்டாமா?

அப்படி ஒரு பெண்ணிடம் பார்வையில்லாத சரித்திர வாத்தியார் ஒருவர் போய் மாட்டினார். மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் போட்டால் எடுப்பதில்லை. எப்படித் திரும்ப அழைப்பது? மனிதருக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்.

"சார், நான் பேசறது கேக்குதா?" என்று கத்தினாள் பெண்.

"கண்ணுதாம்மா தெரியாது. காது நல்லாவே கேக்கும்."

"தனியாவா வந்தீங்க? எவ்வளவு தைரியம்!"

"பஸ்லதாம்மா வந்தேன்."

"பார்வையில்லாதவரோட வாழ முடியாமத்தான் அவங்க போயிட்டாங்களா?"

"அட, அதில்லேம்மா. அவ தம்பியைத் தண்டச்சோறுன்னு திட்டிட்டேன்."

"அந்தக் கோபத்துக்கு அடியில என்ன சார் இருக்கு?"

"அடியிலயும் அவன்தாம்மா இருக்கான். அக்கா போயும் அவன் போகல. சோபாவுலயே படுத்திருக்கான்."

கேட்டாளா? சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்வதை வியந்தாள். "உங்களைப் பாத்தா எனக்கே வாழணும்னு தோணுது சார்" என்று விம்மினாள்.

வாத்தியார் மேசையைத் தடவி, டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "அழாதீங்கம்மா. எல்லாம் சரியாப் போயிடும்."

வராந்தாவுக்கு வந்து மறுபடி போன் போட்டார். அன்றைக்கு மனைவி எடுத்துவிட்டாள்.

"வச்சிடாதே. நம்ம சண்டைக்கு ஆலோசனை கேக்கப் போனேன். பாவம், அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டமோ, இவ்வளவு நேரம் ஆறுதல் சொல்லிட்டு வர்றேன். உன்கிட்டதான் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. தம்பியைத் திட்டினது தப்புதான்."

அந்தப் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு. "அவன்கிட்டயும் சொல்லணும்."

"சொல்றேன். எந்திரிச்சதும்."

"சாயங்காலம் வர்றேன். ரெண்டு பேரும் வீட்டைக் கூட்டி வைங்க."

ஆக, ஆலோசனை பலித்துவிட்டது. ஆண்டவன் கருணைக்கு அளவேது!

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் 'பார்வையில்லாத' என்று மேலே படித்ததும் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டியது யார்? எனக்குக் கேட்கவில்லை, மேலே இருக்கிறவனுக்குக் கேட்டிருக்கும். எதற்கும் அந்தத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ளுங்கள். சாய்ந்திருக்கிறது.