நாலு கோஷ்டியும் ஒரு குளத்து ஓட்டையும்

ஒரு காட்டில், அதாவது ரிசார்ட்டுக்குப் போனது போக மிச்சமிருந்த காட்டில், ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து வயிறு எரிந்த ஒரே ஜீவன் ஆமை. மற்றவர்களுக்குக் குளம் தண்ணீர் குடிக்கும் இடம். அவளுக்கு வீடு.

"தலைவரே, அந்த ஓட்டைய அடைங்க. இப்படியே போனா நான் சேத்துலதான் கெடக்கணும்" என்று விலங்குகள் நலச் சங்கத் தலைவர் கரடியிடம் போய் நிற்பாள்.

"நாமதான் ஒத்துமையா இருக்கோமேம்மா. எல்லாரும் சேர்ந்து ஒருநாள் அடைச்சிடலாம்" என்பார் கரடி. வேறு யாராவது அடைப்பார்கள் என்று காடே ஒற்றுமையாக உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் யானை ஆபீசர் சங்கத்தைப் பார்வையிட வந்தார். மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து இளநீரை உறிஞ்சியபடி கேட்டார்: "உங்க சங்கத்துல ஃபேக்‌ஷன் ஏதாவது இருக்கா?"

கரடிக்கு வியர்த்தது. அப்படி ஒரு வார்த்தையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் ஆபீசர் இங்கிலீஷில் கேட்கும் எதையும் இல்லையென்று சொல்லித் தலைவருக்குப் பழக்கமில்லை.

"இருக்குங்கய்யா. நாலு இருக்கு. எல்லாம் நல்ல கண்டிஷன்ல இருக்கு."

யானைக்கு இளநீர் புரையேறியது. "நாலா? வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறேன்" என்று கிளம்பிவிட்டார்.

பட்டணத்தில் ஒரு டியூஷன் டீச்சர் வீட்டுக் கூண்டில் இருந்துவிட்டு வந்த கிளியைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டார்கள்.

"ஃபேக்‌ஷன்னா கோஷ்டி. ஒரே சங்கத்துக்குள்ள இருந்துகிட்டே, எங்க ஆளுதான் பெரிசுன்னு தனியாப் பிரிஞ்சு அடிச்சிக்கிற கூட்டம்" என்றது கிளி. "இதை அடுத்தவனைப் பத்திதான் சொல்லணும் தலைவரே. நம்மளை நாமளே சொல்லிக்கக் கூடாது."

"சொல்லித் தொலைச்சிட்டேனே!" என்று தலையில் கை வைத்தார் கரடி. "சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு கோஷ்டி வேணும். எல்லாரும் ஒத்துழைக்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"வரவேற்பு பேனர்லேருந்து" என்றார் செயலாளர் நரி. அனுபவஸ்தர்.

பேனர் வந்தது. அதில் கரடியின் மூஞ்சி பூசணிக்காய் அளவு. நரியின் மூஞ்சி எலுமிச்சம்பழ அளவு. நரி சும்மா நடிப்புக்காகத்தான் கத்த ஆரம்பித்தார். பாதியில் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மறுநாளே தன் மூஞ்சியைப் பூசணிக்காயாகப் போட்டு 'உண்மையான விலங்குகள் நலச் சங்கம்' என்று பேனர் கட்டினார். அதில் மூஞ்சியே கிடைக்காத குரங்கு 'அசல் உண்மையான விலங்குகள் நலச் சங்கம்' என்று கட்டினார். காட்டுப்பன்றி யாரையும் கேட்காமல் 'தாய்ச் சங்கம்' தொடங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் பேனரை ஒருவர் கிழித்தார்கள். காடெங்கும் மூஞ்சிகள் சிதறிக் கிடந்தன.

ஊர்வலத்துக்கு லேட்டாக வருவாள் என்று ஆமையை எந்தக் கோஷ்டியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் கிழிந்த பேனர்களை ஒவ்வொன்றாகக் கவ்வி இழுத்துப்போய் ஓட்டையில் திணித்தாள். தண்ணீர் நின்றது. ஆமைக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது யானை வந்து சேர்ந்தார். "கரையை அடைச்சது எந்தக் கோஷ்டி?"

"நாங்கதான்!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வந்தது.

"பரவால்லையே, எல்லாம் நல்ல கண்டிஷன்லதான் இருக்கு" என்று யானை திரும்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நாலு தலைவர்களும் ஓட்டையை எட்டிப் பார்த்தார்கள். "என் மூஞ்சி எதுக்குய்யா அடியில இருக்கு? உருவுங்கடா!" என்று கரடி பாய்ந்தார். மற்ற மூவரும் பின்னாலேயே பாய்ந்தார்கள்.

ஆமைக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஓரம் கூட்டிப்போய்க் காதில் சொன்னாள்: "அண்ணே, மொத்தத் தண்ணியையும் தாங்குறது உங்க மூஞ்சிதான். அதை உருவினா நல்ல பேரு மத்த மூணு பேருக்கும் போயிடும்."

அன்று முதல் தன் மூஞ்சியை யாரும் உருவிவிடாதபடி நாலு கோஷ்டியும் மாறி மாறிக் கரையைக் காவல் காக்கின்றன. குளம் தளும்புகிறது. ஆமை மல்லாந்து மிதக்கிறாள்.

நீதி: தெருவில் பள்ளம் விழுந்தால் மனு கொடுத்து அலையாதீர்கள், சங்கத்தை உடையுங்கள். பள்ளம் நிரம்புகிற அளவுக்குப் பேனர் கிடைக்கும்.