முந்திரிக்கொட்டை வாத்தியார்

வாத்தியார்களில் பல இனங்கள் உண்டு. அடிக்கிற இனம், தூங்குகிற இனம், கரும்பலகையைப் பார்த்துத் தனக்குத் தானே பேசிக்கொள்கிற இனம். இவர்களையெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே பார்த்து, ஒருவழியாகத் தப்பித்து வந்திருப்பீர்கள். நான் இங்கே அறிமுகப்படுத்துவது வேறொரு இனம். கேள்வியைத் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லி, அதற்கு 'வெரி குட்' என்று பாராட்டையும் தானே வழங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவர் நன்றாகத் தேறிவிட்டார் என்று மனப்பூர்வமாக நம்புகிற இனம். இதற்கு முந்திரிக்கொட்டை வாத்தியார் என்று பெயர். பெயர் வைத்தது நான்தான்.

சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஹைதராபாத்தில் மழைக்கால ஈசல் மாதிரி கிளம்பிய வருஷங்களில் இந்த இனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெருகியது. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சமூகத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஆபீஸிலும் அதற்கென்று ஒரு டீஷர்ட் கொடுத்துவிடுவார்கள். டீஷர்ட் வந்துவிட்டால் சேவை செய்யாமல் இருக்க முடியுமா?

மல்காஜ்கிரியில் எங்கள் குடியிருப்புக்கு வாய்த்தவர் தண்டபாணி. கோயமுத்தூர்க்காரர், இரண்டாவது மாடி, டீம் லீடர். தங்கமான மனுஷன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல சந்தர்ப்பம் வராமல் போகலாம். கீழ்த்தளத்துக் கார் பார்க்கிங்கில், இரண்டு கார்களுக்கு நடுவே பாய் விரித்து, ஒரு கார் பானெட்டின் மேல் வெள்ளைப் பலகையைச் சாய்த்து வைத்து, தன் கைக்காசில் பிஸ்கட்டும் டீயும் வாங்கிக் கொடுத்து, அதிகம் படிக்க வாய்க்காத பெரியவர்களுக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கவும் பேசவும் சொல்லிக்கொடுத்தார். வீட்டுவேலை செய்கிறவர்கள், டிரைவர்கள், பக்கத்துச் சந்தில் தையல் மிஷின் போட்டிருந்த நஸ்ரின் என்று ஒரு சின்னக் கூட்டம் வந்து உட்காரும். அதில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் லூர்துமேரியும் ஒருத்தி.

லூர்துமேரிக்கு ஊர் வேலூர்ப் பக்கம். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கணவருக்கு ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி வேலை. நாலு வீட்டுப் பாத்திரமும் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். என் மகள் ஹம்ஸினி போகும் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாகப் போகிறது என்று நான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். கொஞ்சம் இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதும், தண்ணீரில் கை வைக்க வேண்டாம், மாசா மாசம் சம்பளம். அன்றிலிருந்து அவள் ஒரு ஞாயிறு தவறியதில்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தாள்.

வகுப்பு எப்படி நடக்கும் என்கிறீர்களா?

தண்டபாணி ஒரு தக்காளியைத் தூக்கிக் காட்டுவார். "வாட் இஸ் திஸ்? சொல்லுங்க மேரிம்மா, பயப்படாதீங்க."

லூர்துமேரி மூச்சை இழுத்து, உதட்டைப் பிரிப்பாள்.

"திஸ் இஸ் எ டொமேட்டோ. வெரி குட். பாத்தீங்களா, எவ்வளவு ஈஸிங்க."

அடுத்தது கத்திரிக்காய்.

இந்த ஏற்பாட்டின் சௌகரியத்தை முதலில் புரிந்துகொண்டவள் நஸ்ரின். வாயை லேசாகத் திறந்து, கண்ணை மேலே உருட்டி, இதோ வந்துவிட்டது என்கிற பாவனையில் இருந்தால் போதும், பதில் வாத்தியாரிடமிருந்து வந்துவிடும். கடைசியில் "ஹவ் சார்" என்று, அதாவது ஹைதராபாத் உருதுவில் 'ஆமாம் சார்' என்று, தலையாட்டிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களும் சீக்கிரமே இந்தக் கலையில் தேர்ந்தார்கள். ஒருநாள் டிரைவர் ஒருவர் விட்ட கொட்டாவிக்குக்கூட 'வெரி குட்' கிடைத்தது.

வாசிப்புப் பயிற்சி என்று ஒன்று தனி. எல்லோரையும் மல்காஜ்கிரி சௌரஸ்தா என்கிற நாற்சந்திக்கு நடத்திக் கூட்டிப் போவார். அங்கே கடைப் பலகைகளைக் காட்டி வாசிக்கச் சொல்வார். சொல்லிவிட்டு, "மெடிக்கல்ஸ்! பேக்கரி! ஜெராக்ஸ்!" என்று தெருவே அதிரும்படி தானே வாசித்துக்கொண்டு போவார், பின்னால் கூட்டம் பேசாமல் நடந்து வரும். நானும் கூடப் போயிருந்த ஒருநாள் பேக்கரிக்காரர் வெளியே வந்து, முனிசிபாலிட்டியிலிருந்து ஏதாவது தகராறா என்று தெலுங்கில் விசாரித்தார். அவர் என்னிடம்தான் கேட்டார். பதில் சொன்னது தண்டபாணி.

வகுப்பில் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால், இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போன் செய்து அவர் மனைவி ருக்மிணியிடம், "இன்றைக்கு என்ன சமையல்?" என்று கேட்டுப் பாருங்கள். பின்னாலிருந்து தண்டபாணி குரல் கேட்கும், "சாம்பாருங்க." அந்தம்மாவுக்குப் பல்வலி வந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். எந்தப் பக்கம் வலி என்றார் டாக்டர். "இடது பக்கமுங்க, மூணு நாளா," என்றார் இவர். சரி, வாயைத் திறங்கள் என்றார் டாக்டர். இவர் திறந்தார்.

இதில் கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. எதிராளி திணறுவதை இந்த இனத்தால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். நமக்குத் தெரிந்த பதில் ஒருத்தர் வாயில் வராமல் தவிக்கும்போது, நாம் சும்மா இருப்பது பாவமில்லையா என்று நெஞ்சு பதறும். இரக்கம்தான். அந்த இரக்கத்தைப் போட்டு நாலு பேர் வாயை அடைத்துவிடலாம்.

இப்படியே மாதங்கள் ஓடின. காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள், உதவியாளர் வேலைக்கு நான் சொல்லியிருந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று. அதை நடத்துபவர் எலிசபெத் மேடம், கறாரான பெண்மணி. லூர்துமேரியை என் காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. காலையில் கீழே வந்து பார்த்தால், முன் சீட்டில் தண்டபாணி உட்கார்ந்திருக்கிறார். டை கட்டியிருந்தார்.

"தனியா அனுப்பினா பயந்துக்குவாங்க. ஒரு தைரியத்துக்குத்தானுங்க," என்றார்.

லூர்துமேரி பின் சீட்டில், இருந்த ஒரே நல்ல புடவையில், ஜெபம் செய்வது மாதிரி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். "மை நேம் இஸ், மை நேம் இஸ்" என்று ஓடிக்கொண்டிருந்தது.

எலிசபெத் மேடம் எங்கள் மூவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, லூர்துமேரியை மட்டும் பார்த்துக் கேட்டார், "வாட் இஸ் யுவர் நேம்?"

"ஹர் நேம் இஸ் லூர்துமேரி, மேடம்," என்றார் தண்டபாணி.

"வேர் டூ யூ லிவ்?"

"மல்காஜ்கிரி, மேடம். நியர் ரயில்வே கேட்."

நான் அவர் காலை மிதித்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டார். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், இந்த வேலைக்கு நாங்கள் பெண்களைத்தான் எடுக்கிறோம்," என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். தண்டபாணி அதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"ஹவ் மெனி சில்ட்ரன் டூ யூ ஹேவ்?"

இந்தக் கேள்வி வகுப்பில் எத்தனையோ தடவை கேட்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் தண்டபாணியே "ஐ ஹேவ் டூ சில்ட்ரன்" என்று பதிலும் சொல்லியிருக்கிறார், ஏனென்றால் அவருக்கு இரண்டு. பழக்க தோஷம், விடுமா?

"டூ சில்ட்ரன், மேடம். வெரி ஸ்மால். ஒன் இஸ் இன் எல்.கே.ஜி."

மேடம் முகம் மாறிவிட்டது. பேனாவை மூடி வைத்தார். முன்பு இருந்த உதவியாளருக்கும் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள், பாதி நாள் லீவு, அதனால்தான் இந்த இடமே காலியானது என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். வேறு ஆள் பார்க்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டையைப் பிடித்து இழுத்திருப்பேன். இத்தனை மாதம் வாராவாரம் எதிரே உட்கார்ந்த ஒருத்திக்கு எத்தனை பிள்ளைகள் என்று இந்த மனுஷனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அவளைச் சொல்ல விட்டால்தானே.

லூர்துமேரி எழுந்து நின்றாள். மேடம் இங்கிலீஷில் சொன்னது அவ்வளவும் அவளுக்குப் புரிந்திருந்தது. புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நோ, மேடம். டூ சில்ட்ரன், சார் சில்ட்ரன். மை டாட்டர் ஒன். பிக் டாட்டர்."

"அதாவது மேடம், ஷீ இஸ் ட்ரையிங் டு சே..." என்று ஆரம்பித்தார் தண்டபாணி.

"சார்." அவர் பக்கம் திரும்பினாள். "நக்கோ சார்." வேண்டாம் என்பதற்கு நஸ்ரின் சொல்லும் வார்த்தை அது. "யூ ஸ்டாப். ஐ டெல்."

தண்டபாணி வாயை மூடிக்கொண்டார். அப்படியொரு காட்சியை ருக்மிணிகூடப் பார்த்திருக்க மாட்டார்.

மேடம் பேனாவைத் திறந்தார். குழந்தை அம்மாவைத் தேடி அழுதால் என்ன செய்வாய் என்று கேட்டார். லூர்துமேரி யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். என் நாக்கு நுனியில் நல்ல பதில் ஒன்று வந்து நின்றது என்பதையும் மறைப்பானேன், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஐ ஆல்ஸோ க்ரை, மேடம்," என்றாள். "ஃபர்ஸ்ட் டைம் ஹைதராபாத் கம். நோ தெலுங்கு, நோ ஹிந்தி. நோபடி டாக். ஐ க்ரை. தென் ஒன் ஆன்ட்டி கம், ஸிட் நியர். நோ டாக். ஒன்லி ஸிட்." கொஞ்சம் நிறுத்தினாள். "பேபி க்ரை, ஐ ஸிட் நியர்."

திங்கட்கிழமை வந்துவிடு என்றார் மேடம்.

திரும்பி வரும்போது தார்நாகா சிக்னலில் கார் நின்றது. தண்டபாணி டையை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பின்னால் திரும்பி, "மேரிம்மா, உங்க பொண்ணு எத்தனாவது படிக்குதுங்க?" என்று கேட்டார்.

பாருங்கள், மனுஷன் திருந்திவிட்டார் என்று எனக்கு மனசு இளகிப்போனது. லூர்துமேரி வாயைத் திறந்தாள்.

"ஆறாவதா இருக்கும்," என்றார் தண்டபாணி.

"எட்டாவது சார்," என்றாள் லூர்துமேரி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. சிரிப்பை அடக்குகிறாள் என்று கண்ணாடியில் தெரிந்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குத் தினமும் வேலைக்கு வருகிறவருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள்? இதோ, பதில் வந்துவிட்டது உங்களுக்கு. அவர் சொல்லிக் கேட்டதா, நீங்களாகவே வைத்துக்கொண்டதா? நாளைக்கு அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் யோசித்து, இழுத்து, நடுவில் நிறுத்தி, முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்காமல் நின்று பாருங்கள். முடிந்தால் சந்தோஷம். முடியவில்லையா? கவலையே வேண்டாம். தண்டபாணியை ஆபீஸில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் வாத்தியார் இடம் காலியாகத்தான் இருக்கிறது. டீஷர்ட்டை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார், உங்கள் அளவாகத்தான் இருக்கும்.