அழுகண்ணிச் சாமியாரும் அல்லி வைத்த குருணையும்

பிரெஞ்சுக்காரன் கொடி காரைக்காலில் இறங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. சுரக்குடியில் அழுகண்ணிச் சாமியார் கொடி ஏறிவிட்டது. தெட்சிணாமூர்த்தி வீட்டு மாட்டுக்கொட்டகை வாசலில் அத்தனை கூட்டம்! மண்டபத்தூர்க்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பட்டினத்துக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள். மூளையை எங்கே வைத்துவிட்டு வந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

பார்க்க வந்தது அழுகண்ணி என்ற ஒரு செடியை. ஒரு தொட்டியில் மண்ணோடு மண்ணாகச் சிவந்த இலைகள். இலை முழுக்க மயிர். மயிர் நுனிதோறும் பிசுபிசுவென்று ஒரு துளி.

"ஊர்ப் பாவத்துக்காக அம்மன் அழுவுறா!" என்றார் சாமியார்.

வீட்டில் உள்ளவர்கள் பேரைச் சொல்லி ஆளுக்கொரு குருணை அரிசியை இலையில் வைப்பார். யார் பேருக்கு இலை மூடுகிறதோ, அவர்தான் சூனியம் வைத்தவர். பரிகாரம்? அதையும் அம்மன் சாமியார் காதில் சொல்லுவாள். அம்மனுக்குத் தங்கம் தவிர வேறு பொருளின் பேர் தெரியாது.

செடியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அந்த வீட்டு மருமகள் அல்லிக்கு. "மழைத்தண்ணிதான் ஊத்தணும். கெணத்து உப்புத்தண்ணியோ எருவோ பட்டா அம்மன் கருகிடுவா" என்று உத்தரவு. ஊரைக் காக்கிறவளுக்கு உப்புத்தண்ணீர் ஆகாதா என்று நினைத்துக்கொண்டே ஊற்றினாள் அல்லி. தொட்டியை வெயிலில் நகர்த்தும்போது ஒன்று கவனித்தாள். இலையில் எறும்பு ஒட்டினால் மயிரெல்லாம் வளைந்து அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெறும் கூடுதான் மிஞ்சும்.

அந்த வீட்டுப் பசுவுக்குப் பால் வற்றியது. மாமியார் பெரியநாயகி, சாமியாரின் அம்மனிடம் குறி கேட்டாள். அல்லி பேருக்கு இலை மூடியது.

"செயினைக் கழட்டிச் சாமிகிட்ட குடுத்துட்டு ஒங்கம்மா வீட்டுக்குப் போ!" என்றாள் மாமியார். புருஷன் நீலகண்டன் தரையைப் பார்த்தான்.

அழுதுகொண்டே செயினைத் தொட்டாள் அல்லி. சாமியார் கையை நீட்டினார். குப்பென்று கருவாட்டு வாடை! வெங்காயம்கூடத் தொடாத சாமியார் விரலிலா?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமி, இன்னொரு தரம் பாத்துருவோம். குருணைய நான் வைக்கிறேன்."

"பொம்பள தொட்டா தீட்டு!"

"தெனம் தண்ணி ஊத்துறது யாருங்க?"

கூட்டம் சிரித்தது. பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி சேக் பரீது முன்னால் வந்தார். "அந்தப் புள்ள கேக்குறது ஞாயம்தானே? வைக்கட்டுங்க."

அல்லி குருணையைக் கழுவி, தன் பேருக்கு, புருஷன் பேருக்கு, மாமியார் பேருக்கு என்று வைத்தாள். ஒரு இலையும் மூடவில்லை. அடுப்படியிலிருந்து கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து வந்து, எல்லார் கண் முன்னாலும் ஒரு குருணையில் அழுத்தித் தேய்த்தாள்.

"இது சாமி பேருக்கு."

இலை ஆசையோடு மூடிக்கொண்டது.

"அடப்பாவி! அப்ப என் கடை முழுக்கச் சூனியமா தொங்குது?" என்று கத்தினார் சேக் பரீது. அதற்குள் சாமியார் மூட்டையைக்கூட எடுக்காமல் திருநள்ளாறு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்.

நீலகண்டனுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "அம்மா, பசு நெறமாச சினை. பால் வத்தத்தானே செய்யும்?"

"இத நேத்தே சொல்றதுக்கு என்ன?" என்றாள் அல்லி. அவன் மறுபடியும் தரையைப் பார்த்தான்.

செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது பசிக்கு ஈ பிடிக்கிறது. ஈயையும் குறை சொல்ல முடியாது. அதற்கு யோசிக்கத் தெரியாது. ஆனால் அய்யா, எந்த ஈயாவது வரிசையில் நின்று, தட்டில் காணிக்கை போட்டுவிட்டா போய் ஒட்டிக்கொள்கிறது?